ஐடி முடங்கினால் யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: ஐயா, என் கணவர் நான்கு வருடமாக உணவு டெலிவரி செய்கிறார். அதற்கு முன்னால் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். குழந்தைக்கு உடம்பு சரியானால் முடி இறக்குவதாக வேண்டியிருந்தோம். போன மாதம் திருத்தணி போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் லாகின் செய்ய செல்ஃபி எடுத்தால் முகம் பொருந்தவில்லை என்று வந்தது. மூன்று தடவை எடுத்துப் பார்த்த பிறகு செயலியில் அவருடைய கணக்கு, அதாவது ஐடி, பிளாக் ஆகிவிட்டது. ஹெல்ப் சாட்டில் என்ன கேட்டாலும் "உங்கள் கணக்கு விதிமீறலுக்காக முடக்கப்பட்டுள்ளது" என்ற ஒரே பதில்தான் வருகிறது. மனிதர் யாரும் பேசுவதில்லை. மூன்று வாரமாக வருமானம் இல்லை. வேறு ஒருவர் ஐடியில் ஓட்டச் சொல்லி நண்பர்கள் சொல்கிறார்கள். என் தம்பி பி.காம். படித்தவன். ஒரு பிபிஓவில் சாட் சப்போர்ட்டில் இரண்டு வருடமாக இருக்கிறான். அங்கே பாட் (தானாகப் பதில் சொல்லும் மென்பொருள்) வந்துவிட்டது என்று நாற்பது பேரை நிறுத்தப் போகிறார்கள், அவனும் அதில் ஒருவன். ஏஐ கோர்ஸ் படிக்க 60,000 ரூபாய் கேட்கிறான். என் கணவர் சட்டப்படி தொழிலாளியா, இல்லையா? எங்களுக்கு வழி உண்டா? எங்கள் மாதக் கணக்கையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வெளியிட வேண்டாம், வியாசர்பாடி)

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் ஐடியில் உங்கள் கணவர் ஓட்ட வேண்டாம். ஒரு நாள்கூட வேண்டாம். ஐடியை வாடகைக்கு விடுவதும் எடுப்பதும் இந்தத் தொழிலில் சகஜம் என்று எனக்குத் தெரியும். வண்டி நல்லபடியாக ஓடும்வரை அதில் ஒரு பிரச்சினையும் தெரியாது. விபத்து நடந்த அன்றைக்குத்தான் தெரியும். கம்பெனி எடுத்து வைத்திருக்கும் விபத்துக் காப்பீடு ஐடி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு உரியது. ஆஸ்பத்திரியில் கிடப்பவர் ஒருவர், காகிதத்தில் இருப்பவர் இன்னொருவர் என்றால் பணம் வராது. அதோடு, இன்றைக்கு உங்கள் பக்கம் நியாயம் முழுசாக இருக்கிறது. வேண்டுதலுக்கு முடி இறக்கியதைத் தவிர அவர் எதையும் செய்யவில்லை. ஐடி மாற்றி ஓட்டியது தெரிந்தால், முடக்கியதற்கு அசலான காரணம் ஒன்றை நாமே அவர்கள் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

காப்பீடு என்றதும் இன்னொன்று. உங்கள் பைக்கின் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கான பாலிசி என்றால், வாடகைக்கோ சரக்கு ஏற்றவோ பயன்படுத்தும்போது செல்லாது என்று அதில் ஒரு வரி இருக்கும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் நாள் முழுக்க டெலிவரி செய்பவர்கள் பலர் இந்த வரியைப் பார்த்திருக்க மாட்டார்கள். வண்டிக்குச் சேதம் என்று கிளைம் போடும்போது அந்த வரியைத்தான் நீட்டுவார்கள். அடுத்த தடவை புதுப்பிக்கும்போது டெலிவரிக்கு ஓட்டுகிறேன் என்று சொல்லியே பாலிசி எடுங்கள். கொஞ்சம் கூடுதலாகும். ஆனாலும் எடுங்கள்.

இப்போது முகத்துக்கு வருகிறேன். இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. ஹைதராபாத்தில் ஊபர் ஓட்டிய ஓர் இளைஞர் திருப்பதியில் முடி இறக்கிவிட்டு வந்ததும் செயலி அவரை அடையாளம் தெரியாமல் வெளியே நிறுத்தியது. 2022-ல் அது செய்தியாக வந்தது. பிரிட்டனில் ஊபர் ஈட்ஸில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் முகம் பொருந்தவில்லை என்று சொல்லிக் கணக்கையே நீக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை, தீர்ப்பாயத்துக்குப் போனார். அந்த நாட்டின் சமத்துவ, மனித உரிமை ஆணையமும் தொழிற்சங்கமும் வழக்குச் செலவுக்குத் துணை நின்றன. 2024-ல் அவருக்கு நஷ்டஈடு கொடுத்து முடித்தார்கள்.

இந்தச் சோதனை எதற்கு இருக்கிறது என்றால், நான் மேலே சொன்ன ஐடி வாடகையைத் தடுக்கத்தான். அது தேவையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சேரும்போது எடுத்த படத்தையும் இன்றைய செல்ஃபியையும் ஒப்பிட்டு மென்பொருள் ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஓர் அளவுக்குக் கீழே போனால் கதவு மூடிக்கொள்கிறது. மொட்டை, தாடி, காலை நேரத்து மங்கலான வெளிச்சம், கீறல் விழுந்த கேமரா என்று எதனாலும் மதிப்பெண் குறையலாம். தமிழ்நாட்டில் குழந்தைக்காக மொட்டை போடாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சென்னையில் ஓடுகிற ஒரு செயலி அதை எதிர்பார்த்திருக்க வேண்டும். மென்பொருள் தவறுவது நடக்கக்கூடியது. தவறிய பிறகு எடுத்துப் பார்க்க ஓர் ஆளை வைக்காததுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. ஒரு வீடியோ கால், ஐந்து நிமிடம், ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னால் போதும். அந்த ஐந்து நிமிடத்துக்கு ஆள் போடச் செலவாகும் என்பதால், உங்கள் வீட்டில் மூன்று வாரம் அடுப்புக்குத் திண்டாட்டம்.

சரி, என்ன செய்வது? ஹெல்ப் சாட்டில் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். இதுவரை வந்த பதில்களை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கம்பெனியின் இணையதளத்தில் அடிப்பகுதியிலோ விதிமுறைகள் பக்கத்திலோ குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவருடைய பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். இருந்தாக வேண்டும். இந்தக் கம்பெனிகள், தாங்கள் முதலாளிகள் அல்ல, ஓட்டலையும் வாடிக்கையாளரையும் டெலிவரி செய்பவரையும் இணைக்கும் இடைத்தரகர்கள் மட்டுமே என்றுதான் எங்கும் சொல்கின்றன. இடைத்தரகர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இடைத்தரகர்களுக்கு விதிக்கும் கடமையும் சேர்ந்து வருகிறது. குறைதீர்ப்பு அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும், புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், குறித்த கெடுவுக்குள் தீர்த்துவைக்க வேண்டும். மெயிலில் அந்த விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மெயில் நீளமாக வேண்டாம். ஐடி எண், சேர்ந்த மாதம், முடக்கிய தேதியும் நேரமும், மொட்டை போட்ட தேதி, கோயிலில் கொடுத்த சீட்டு இருந்தால் அதன் படம், மொட்டைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு போட்டோ, ஆதார், ஓட்டுநர் உரிமம். கேட்க வேண்டியது மூன்றுதான். எந்த விதியை மீறினேன் என்று எழுத்தில் சொல்லுங்கள். ஒரு மனிதர் நேரிலோ வீடியோவிலோ என்னைச் சரிபார்த்து ஐடியைத் திறந்துவிடுங்கள். முடக்கிய நாளுக்கு முன் நான் ஓட்டிய ஆர்டர்களுக்கு வர வேண்டிய பாக்கியை உடனே அனுப்புங்கள். கோபத்தை அதில் காட்ட வேண்டாம். உங்கள் தம்பியையே எழுதச் சொல்லுங்கள். எந்த மாதிரிப் புகாரை மேலதிகாரிக்குத் தள்ளுவார்கள், எதை ரெடிமேட் பதிலோடு மூடிவிடுவார்கள் என்பது சாட் சப்போர்ட்டில் இருப்பவனுக்கு அத்துபடி.

அதே வாரத்தில் உங்கள் கணவர், சேர்ந்தபோது பையும் டீ-ஷர்ட்டும் வாங்கிய அலுவலகத்துக்கு நேரில் போகட்டும். தனியாகப் போக வேண்டாம், கூட ஓட்டும் நான்கைந்து பேரோடு போகட்டும். தீராவிட்டால் மெயிலின் நகலை வைத்து, தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, மனு பெற்றதற்கு முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1100 எண்ணில் முதல்வரின் முகவரித் துறைக்கும் புகார் பதியலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் இலவச சட்ட ஆலோசனை கிடைக்கும். இவர்களில் யாருக்கும் கம்பெனியைப் பார்த்து "ஐடியைத் திற" என்று உத்தரவு போடும் அதிகாரம் இல்லை. ஆனால் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் அதைப் படிக்க ஓர் ஆள் உட்கார வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது அந்த ஆள்தான்.

ஏன் அதிகாரம் இல்லை என்பதில்தான் உங்கள் முக்கியக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. உங்கள் கணவர் தொழிலாளியா? சட்டம் அவரைப் பாதித் தூரம்தான் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 'கிக்' தொழிலாளி (நிரந்தர வேலை இல்லாமல் அவ்வப்போது கிடைக்கும் வேலையைச் செய்பவர்), பிளாட்ஃபார்ம் தொழிலாளி (செயலி வழியாக வேலை செய்பவர்) என்ற பெயர்களை முதன்முதலில் அதுதான் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றே அது அவர்களை வரையறுக்கிறது. கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதிக்குக் கட்ட வேண்டும். அதுவும் தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த நிதியிலிருந்து விபத்து, உடல்நலம், முதுமை போன்றவற்றுக்குத் திட்டங்கள் போடுவார்கள். நல்லதுதான். ஆனால் குறைந்தபட்சக் கூலி, பணிநீக்க நோட்டீஸ், விசாரணை, பிஎஃப், கிராஜுவிட்டி எதுவும் இதில் வரவில்லை. அடிபட்டால் உதவி உண்டு, காரணமில்லாமல் நிறுத்தினால் கேள்வி இல்லை.

இதோடு உங்கள் தம்பியின் நிலைமையை வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. அதன் 41-ஆம் பிரிவு, ஒரு கடையிலோ அலுவலகத்திலோ தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும், இல்லாவிட்டால் ஒரு மாதச் சம்பளமும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். சௌகார்பேட்டையில் துணிக்கடையில் மடித்து வைக்கும் பையனுக்கும் அலுவலகத்தில் இருக்கும் உங்கள் தம்பிக்கும், நாடு சுதந்திரம் அடைந்த வருடம் எழுதிய சட்டம் கொடுத்த பாதுகாப்பு இது. நான்கு வருடம் மழையிலும் வெயிலிலும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த உங்கள் கணவருக்கு இன்றைக்கு அது இல்லை. வேலை மாறவில்லை. பையை ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பது பழைய வேலைதான். அதைச் செய்யச் சொல்பவர் தன்னை முதலாளி என்று ஒத்துக்கொள்ளாததுதான் புதிது. நேரம், வழி, சட்டை, ரேட்டிங் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, "நீங்கள் எங்கள் பார்ட்னர்" என்கிறார்கள்.

மற்ற இடங்களில் இந்தப் பேச்சை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், ஊபர் ஓட்டுநர்கள் கம்பெனியின் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்கள், குறைந்தபட்சக் கூலிக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கும் உரியவர்கள் என்று தீர்ப்புச் சொன்னது. ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-ல், கணினி தானாக எடுத்த முடிவால் கணக்கு முடக்கப்பட்ட ஓட்டுநர்களுக்கு அந்த முடிவின் விவரத்தைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் கொண்டுவந்த விதியை உறுப்பு நாடுகள் 2026 டிசம்பருக்குள் சட்டமாக்க வேண்டும். ஒருவருடைய கணக்கைக் கட்டுப்படுத்தும், நிறுத்திவைக்கும், நீக்கும் முடிவை ஒரு மனிதர்தான் எடுக்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். உங்கள் கணவர் கேட்பதும் அதைத்தான்.

வெளிநாடு வரை போக வேண்டாம், பக்கத்து மாநிலத்தையே பாருங்கள். கர்நாடகம் 2025-ல் தனிச்சட்டம் போட்டது. எழுத்தில் காரணமும் 14 நாள் நோட்டீஸும் இல்லாமல் தொழிலாளியை நீக்கக் கூடாது, வேலையையும் கூலியையும் தானியங்கி முறை எப்படி முடிவு செய்கிறது என்று சொல்ல வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ராஜஸ்தான் 2023-லேயே நலச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் நல வாரியம் அமைத்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் இந்த வாரிய உறுப்பினர்கள் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் ஏசி ஓய்வறை கட்டியிருக்கிறது. கால் கடுக்க ஓட்டல் வாசலில் நிற்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓய்வறை ஐடியைத் திறந்துவிடாது. கர்நாடகத்தில் இருக்கும் அந்த 14 நாள் நமக்கும் வேண்டும். சங்கங்கள் இதைக் கேட்கும்போது உங்கள் கணவரும் அங்கே இருக்க வேண்டும்.

அதனால் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இந்த ஓய்வு நாட்களிலேயே செய்துவிடுங்கள். மத்திய அரசு அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவுசெய்யும் இ-ஷ்ரம் தளத்திலும் பதிய வேண்டும். இரண்டும் வேறு வேறு, ஒன்று இருந்தால் போதும் என்று விடாதீர்கள். எத்தனை நாள், எந்தக் கம்பெனிக்கு ஓட்டினார் என்பதற்கு ஆதாரம் கையில் இருப்பது நல்லது. ஐடி பிளாக் ஆனால் செயலிக்குள் இருக்கும் பழைய கணக்கையும் பார்க்க முடியாமல் போகலாம். வங்கிக் கணக்கில் வாரா வாரம் விழுந்த தொகையின் ஸ்டேட்மென்ட்டை இப்போதே எடுத்து வையுங்கள். ஐடி திரும்பக் கிடைத்த பிறகு, ஒவ்வொரு வாரமும் பேஅவுட் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளட்டும்.

கணக்கு என்றதும், காலண்டர் தாளின் பின்பக்கம் நீங்கள் எழுதி அனுப்பிய மாதக் கணக்கைச் சொல்ல வேண்டும். நான் அதைப் பலமுறை படித்தேன். மாதம் 26 நாள், நாளுக்கு 11 மணி நேரம். வங்கியில் விழுந்தது 25,000. பெட்ரோல் 7,000. பைக் இஎம்ஐ 4,100. ஆயில், டயர், பிரேக் என்று சர்வீஸுக்கு 1,200. ரீசார்ஜ் 400. மிச்சம் 12,300. நீங்கள் அதோடு நிறுத்திவிட்டீர்கள். நான் அதை 286 மணி நேரத்தால் வகுத்தேன். மணிக்கு 43 ரூபாய். இஎம்ஐ முடிந்தால் வண்டி உங்களுடையது என்று சொல்லலாம்தான், ஆனால் நாளுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி கடன் முடிகிற நேரத்தில் என்ன விலைக்குப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது என்பதை அந்தக் காலண்டர் தாளிலேயே பார்க்கலாம். வண்டி உங்களுடையது, பெட்ரோல் உங்களுடையது, போன் உங்களுடையது, விபத்தும் உங்களுடையது. ஆர்டர் வராத மதியம் மூன்று மணிக்கு நிழலில் நிற்கும் நேரத்துக்கும் கூலி கிடையாது, அதுவும் உங்களுடையது. முன்பெல்லாம் தொழில் தொடங்குபவர் போட வேண்டிய முதலையும் தாங்க வேண்டிய நஷ்டத்தையும் இப்போது பைக் ஓட்டுபவர் தாங்குகிறார். கம்பெனி கையில் வைத்திருப்பது கணக்குப் புத்தகம் ஒன்றைத்தான். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் யார் எவ்வளவு குறைந்த கூலிக்கு ஆர்டரை எடுப்பார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. ஒரே ஓட்டல் வாசலில் நிற்கும் இரண்டு பேருக்கு, ஒருவருக்கு வந்த தொகை மற்றவருக்குத் தெரியாது. 2020 ஆகஸ்டில் சென்னையில் ஸ்விக்கி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கலாம். ஓர் ஆர்டருக்கு 35 ரூபாய் என்று இருந்த அடிப்படைத் தொகை 15 ரூபாயாகக் குறைக்கப்பட்டதாகச் சொல்லித்தான் தெருவுக்கு வந்தார்கள். கொரோனா காலத்தில், எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது, அவர்கள் வெளியே சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றைக்குத் தொகை எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததால் குறைத்தது கண்ணுக்குத் தெரிந்தது, எல்லோரும் ஒன்றுகூட முடிந்தது. ஆளுக்கொரு தொகை, நேரத்துக்கொரு இன்சென்டிவ் என்று ஆன பிறகு, கூலி குறைந்ததா நமக்குத்தான் நேரம் சரியில்லையா என்றே சொல்ல முடிவதில்லை. அதனால்தான் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்கிறேன். பத்துப் பேர் எடுத்து வைத்து ஒப்பிட்டால் அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கமாவது நம் கைக்கு வரும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்திருக்கிறது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நம்மைப் பற்றி ஒரு கம்பெனி என்ன தரவு வைத்திருக்கிறது என்று கேட்கும் உரிமை 2027-ல் நடைமுறைக்கு வரும். அப்போது இந்த வேலை கொஞ்சம் சுலபமாகலாம்.

தம்பிக்கு வருகிறேன். உங்கள் கணவருக்கு ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு பாட். உங்கள் தம்பியின் நாற்காலியில் உட்காரப்போவதும் ஒரு பாட். முன்பு அங்கே ஒரு பி.காம். பையன் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவனுக்கும் ஐடியைத் திறக்கும் அதிகாரம் இருந்திருக்காது. ஆனால் மொட்டை என்று படித்ததும் அவனுக்குப் புரிந்திருக்கும். டீம் லீடரைப் பார்த்து, "இது திருத்தணி கேஸ், பார்த்து விடுங்கள்" என்று சொல்லியிருப்பான். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் செலவு என்று கணக்கிட்டு எடுத்துவிட்டார்கள். நாற்பது பேர் சம்பளம் கம்பெனிக்கு மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு ரூபாய்கூட டெலிவரி கூலியில் சேரவில்லை. உங்கள் வீட்டில் மட்டும் இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்கிறது.

இது எல்லா இடத்திலும் நடக்கிறது. சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில் போட்ட கணக்கில், உலகம் முழுக்க சுமார் 40 சதவீத வேலைகளை ஏஐ ஏதோ ஒரு விதத்தில் தொடும் என்றது. பெங்களூரைச் சேர்ந்த துகான் என்ற நிறுவனத்தின் தலைவர், வாடிக்கையாளர் சேவை ஊழியர்களில் 90 சதவீதம் பேரை எடுத்துவிட்டு பாட் வைத்துவிட்டதாக 2023-ல் தானே சொல்லிக்கொண்டார். ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 2024-ல், தன்னுடைய ஏஐ 700 பேர் வேலையைச் செய்கிறது என்றது. ஆனால் அடுத்த வருடமே, வாடிக்கையாளர் பேச விரும்பினால் பேச மனிதர் இருக்க வேண்டும் என்று சொல்லி மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கியது. ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்லும் வேலை போய்விடும். சிக்கலான புகாரை எடுத்து, நாலு இடத்தில் விசாரித்து, முடிவு சொல்லும் வேலை நிற்கும். ஆனால் அதற்கு நாற்பது பேர் வேண்டியிருக்காது என்பதையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும்.

60,000 ரூபாய் கோர்ஸ் இப்போது வேண்டாம். வருமானம் இல்லாத வீட்டில் கடன் வாங்கிக் கட்டவே கூடாது. அந்த இன்ஸ்டிடியூட்டில் போன பேட்சில் படித்த மூன்று பேரின் பெயரைக் கேட்டு, இப்போது எங்கே வேலை, என்ன சம்பளம் என்று தம்பியே போன் போட்டுக் கேட்கட்டும். பெயர் தர மறுத்தால் அதுவே பதில். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைப்பவற்றில் முதலில் ஒன்றை முடிக்கட்டும். பி.காம். படித்தவனுக்கு என் யோசனை, டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஜிஎஸ்டி ரிட்டர்ன் இரண்டையும் உருப்படியாகக் கற்றுக்கொண்டு ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்வது. அங்கும் மென்பொருள் நிறைய வேலையைச் செய்யும். ஆனால் நோட்டீஸ் வந்தால் வரி அலுவலகத்துக்குப் போய் நிற்க ஓர் ஆள் வேண்டும், வியாபாரியும் முகம் தெரிந்தவரிடம்தான் கணக்கைக் கொடுப்பார். தொடக்கச் சம்பளம் குறைவு, அதை மறைக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் அவன் செய்ய வேண்டியது, ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. பெரும்பாலான பிபிஓக்களில் ஆட்குறைப்பை ஆட்குறைப்பு என்று எழுத மாட்டார்கள். எச்ஆர் கூப்பிட்டு, "நீங்களே ரிசைன் பண்ணினால் ரிலீவிங் லெட்டர் கிளீனாகக் கொடுப்போம்" என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் 41-ஆம் பிரிவு கைவிட்டுப் போகும், நோட்டீஸ் சம்பளமும் போகும். "கம்பெனி என்னை நிறுத்துவதாக மெயில் அனுப்புங்கள், ஏற்றுக்கொள்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லட்டும். பிஎஃப் கணக்கில் எல்லா மாதமும் பணம் ஏறியிருக்கிறதா என்று யுஏஎன் (பிஎஃப் எண்) வைத்துப் பார்க்கட்டும். மேல்முறையீட்டுக்குக் கெடு குறைவு. நிறுத்தல் உத்தரவு வந்த அன்றைக்கே ஒரு வழக்கறிஞரையோ சங்கத்தையோ பார்க்க வேண்டும். நாற்பது பேரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது.

பைக் இஎம்ஐ அடுத்த மாதம் வரும். கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் அபராதம் ஒரு பக்கம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் அடி வாங்குவது ஒரு பக்கம். தேதி வருவதற்கு முன்பே ஃபைனான்ஸ் கம்பெனியின் கிளைக்குப் போய், ஐடி முடங்கிய ஸ்கிரீன்ஷாட்டையும் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பிய மெயிலையும் காட்டி, இரண்டு தவணையைக் கடைசிக்குத் தள்ளிப்போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வாயால் சரி என்றால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். வண்டியைத் தூக்குவதாக யாராவது மிரட்டினால், அவருடைய அடையாள அட்டையையும் கம்பெனி கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள், வீட்டு வாசலில் சாவியைக் கொடுக்காதீர்கள். குறைதீர்ப்பு அலுவலரிடமிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும், மெயில் போன தேதியோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்த மனுவை நான் எழுதித் தருகிறேன்.